தொங்கிய வயரின் மறுமுனை

காலை 7:10. மன்னார் வளைகுடா, கடலடி நிலையம்
சொல்பவன் காவலாள் சூசைமிக்கேல். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இடுப்பு மெஷின் நேரம் போட்டு எழுதிக்கொள்கிறது. கதவுகள் சரி. காற்று சரி. இன்ஜினியர் மெல்சியா பம்பு பார்க்கக் கீழறைக்குப் போயிருக்கிறாள். நிலையத்தில் நாங்கள் இருவர்தான்.

8:25
சுவிட்ச் அறையைக் கூட்டினேன். சுவிட்ச் என்றால் எல்லா வயரும் வந்து சேரும் பெட்டி. கதவு, காற்று, பேச்சு எல்லாம் அதன் வழிதான். வந்த அன்றே மெல்சியா சொன்னாள், ஒரு சொல் மறக்கவில்லை. "பெட்டிக்கு முதல்ல யாரையும் தெரியாது தாத்தா. எந்த ஓட்டையில யாரு பேசுதாவன்னு பாத்து வச்சுக்கிடும். எல்லாருக்கும்னு ஒரு பேச்சு வந்தா மட்டும், கோயில் மைக்கு மாதிரி எல்லா ஓட்டைக்கும் அனுப்பும்."

பெட்டியிலிருந்து ஒரு வயரின் முனை தொங்கியது. சங்கு குளித்த காலத்திலிருந்தே தொங்கும் கயிற்றைக் கண்டால் என் கை சும்மா இராது. தோணியில் அவிழ்ந்த முனை காலைச் சுற்றினால் ஆளே போய்விடும். காலி ஓட்டையில் செருகிவிட்டு, கதவைச் சாத்தி வந்தேன்.

8:40
சுவிட்ச் அறைக் கண்ணாடி வழியே பார்க்கிறேன். பெட்டியில் ஒன்றுவிட்டு ஒன்று சிமிட்டும் விளக்குகள் எல்லாம் ஒன்றாகத் துடிக்கின்றன. சுவிட்ச் அறைக் கதவு திறக்கவில்லை. கரைக்குப் பேச்சு போகவில்லை. ஒலிபெருக்கியில் மெல்சியா:

"தாத்தா, எங் கதவு தொறக்கல. காத்தும் வரல. பெட்டியில கை வச்சியளா?"

அதே பேச்சு மறுபடி வந்தது. வச்சேன் என்றேன். போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

9:05
"எம் பேச்சே எனக்குத் திரும்பி வருது. ஒரே வயரோட ரெண்டு முனையும் ஒரே பெட்டியில இருக்கு. போன பேச்சே சுத்திச் சுத்தி வரும், வேற எதுக்கும் வழி விடாது. ஒரு முனைய உருவுங்க தாத்தா. அது போதும்."

மேல்வரிசைக் கடைசி ஓட்டை. இங்கிருந்தே தெரிகிறது. தீயணைக்கும் உருளையால் அடிக்கிறேன். கடலின் கனத்தைத் தாங்கக் கட்டிய கண்ணாடி. கீறல்கூட விழவில்லை.

10:20
"அடிக்கிற சத்தம் கேக்கு. கைய ஒடிச்சுக்கிடாதிய. பேசிக்கிட்டே இருங்க... ஏசவாவது செய்யுங்க, ஒரு துணைக்கு."

ஏச வாய் வரவில்லை. மூச்சடக்கி ஆழத்தில் கிடந்த நாளையெல்லாம் சொன்னேன். பதறாதே, மெல்ல விடு என்றேன். யாரிடம் சொன்னேன்?

பிற்பகல் 1:30
"தாத்தா, இருக்கியளா?"

இருக்கேன் தாயி.

"தாத்தா, இருக்கியளா?"

தாத்தா என்றதும் ஒரு சின்ன இருமல். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே இருமல். இப்போது கேட்கிறாளா, எப்போதோ கேட்டது சுற்றுகிறதா... விளக்குகள் துடிக்கின்றன. பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தாத்தா, இருக்கியளா?"

இருக்கேன்.