சுஜீவாவின் அம்மிக்கல்

மார்ச் 3, ஞாயிறு

காலை ஏழு மணிக்கே வெக்கை. தகரக் கூரைக்குக் கீழே இருக்க முடியவில்லை.

பள்ளிமுனைக்கு வந்து ஆறு கிழமை. இன்றைய சிங்கள ஆராதனைக்கு வந்தவர்கள்: நான். பத்து மணிபோல ஒரு கழுதையும் வாசல்வரை வந்தது. வெளியே வைத்திருந்த சிங்களத் துண்டுப்பிரசுரக் கட்டில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிற்று. இந்த ஊரில் என் சுவிசேஷத்தை உள்ளே எடுத்துக்கொண்ட முதல் சீவன்.

மறக்காமல் எழுதி வைக்கிறேன். வவுனியாவில் தலைமைப் போதகர் (இனி த.போ.) சொன்னது: மே முதல் ஞாயிறு வந்து பார்ப்பார். பத்துப் பேராவது ஒழுங்காக வந்தால் மன்னாரில் சிங்கள ஊழியம் தொடரும். இல்லாவிட்டால் மூடிவிட்டு நான் திரும்ப வேண்டும்.

திரும்புவதென்றால் அம்மா வீடு. நான் இதற்குச் சம்மதித்த அன்று அம்மா கேட்டது: "தம்பியைத் தேடி அழுத வாயால அவங்கட பாசையில பாடப்போறியோ?" அதோடு சரி. பிறகு கதை இல்லை.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது. தம்பி ரவி காணாமல் போன பிறகு ஆமி முகாம் முகாமாக வாசலில் நின்று, படத்தைக் காட்டிக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குச் சிங்களம் வந்தது. அந்தப் பாஷையில் நான் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் வரவில்லை. அதே பாஷையில் யாருக்காவது ஒரு நல்ல சொல் சொல்லிவிட்டால், படித்தது முழுக்க வீண் இல்லை என்று ஆகும். ஆண்டவர் மன்னிக்கட்டும், அவருக்காக மட்டும் நான் இங்கே வரவில்லை.

மார்ச் 6, புதன்

வாங்க: சவர்க்காரம். நுளம்புத்திரி. சைக்கிள் பின் டயர் (இனி ஒட்டுப் போட இடமில்லை).

சிங்களப் பாட்டுப் புத்தகம் 18, பார்சலில் வந்துவிட்டது. யாருக்கு? கந்தோர்களில் வேலை செய்யும் சிங்களவர்கள் வெள்ளி பின்னேரம் பஸ் ஏறிவிடுகிறார்கள். ரோட்டு வேலைக்காரர்களிடம் இரண்டு கிழமை போனேன், ரோட்டு முடிந்தது, அவர்களும் போய்விட்டார்கள்.

தேத்தண்ணிக் கடையில் என்னைப் பற்றி, நான் நிற்பது தெரியாமல்: "அது மதர் இல்லையாம். கலியாணமும் இல்லையாம். அப்ப என்னவாம்?" எனக்கும் தெரிந்தால் நல்லது.

வீட்டுக்காரி பிலோமினா அக்கா (பி.) இன்று வேலிக்கு மேலாகப் பேசினார். பேசினார் என்றா சொல்வது. "சிங்களச் சனம் வேணுமெண்டால் சவுத்பார் கரைக்குப் போங்கோ. நாங்கள் வலை இழுத்த இடத்திலதான் குந்தியிருக்கினம்." பி.யும் புருஷனும் பத்தொன்பது வருஷம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். வந்து பார்த்தால் அவர்களுடைய கரையில் தெற்கிலிருந்து வந்த மீன்பிடிக்காரரின் வாடிக் குடிசைகள். அந்தக் கோபம் நியாயம். அதற்கு நான் என்ன செய்ய.

மார்ச் 7, வியாழன்

போனேன். கிடுகும் தறப்பாளுமாக ஒன்பது வாடி. சுஜீவா (சு.), நாற்பது வயதிருக்கும், சிலாபத்துப் பக்கம். புருஷன் நிஹால் கடலுக்குப் போகிறான், இவள் வாடிக்குச் சமைத்துக் கருவாடும் போடுகிறாள். நான் வாயைத் திறந்ததும் சிரித்துவிட்டாள். என்னுடைய சிங்களம் ஆமிக்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். பின்னே, யாரிடம் படித்தேன்.

ஞாயிறு கடலுக்குப் போவதில்லையாம். மாதா கோயிலுக்குப் போனால் பூசை தமிழில், ஒன்றும் விளங்குவதில்லையாம். வருகிறோம் மிஸ் என்றாள். நம்பவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

ஏழு பேர்!

கதிரைகள் இல்லை. மரணாதாரச் சங்கத்துக் கதிரைகளை இரவல் வாங்கி வைத்திருந்தேன், காலையில் மூன்றாம் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு, வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எல்லாரும் மீன் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள். பாட்டு நன்றாக வந்தது. இரண்டாம் சரணத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பி. ரேடியோவைக் கூட்டினார். நாங்களும் கூட்டினோம்.

மார்ச் 19, செவ்வாய்

வாடியில். சு. அம்மியில் செத்தல் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். பெரிய கறுத்த கல், மாமியாருடையதாம், ஊரிலிருந்து லொறியில் வந்ததாம். சிங்களம் எங்கே படித்தது என்று கேட்டாள். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். முழுவதையும் சொன்னேன்.

அவள் கையை நிறுத்தவில்லை. அரைத்து, வழித்து, கல்லைக் கழுவி முடித்த பிறகு தம்பியின் பெயர் என்ன என்று கேட்டாள். ரவி என்றேன். திரும்பிவரும் வழியில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தேன், டயர் போனதால் இல்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

14 பேர். கோயிலில் வாங்கிய குருத்தோலையோடு நேரே இங்கே வந்துவிட்டார்கள். அங்கே ஓலை, இங்கே பாட்டு. த.போ. கண்டால் என்ன சொல்வாரோ.

செபத்தில் சு. எழும்பி நின்று ரவியின் பெயரைச் சொன்னாள். "ரவி மல்லி" என்றாள், தன் தம்பியைச் சொல்வதுபோல. அந்தப் பாஷையில் அவன் பெயரை ஒருவர் பட்டியலில் தேடாமல் சொன்னது இதுதான் முதல் தடவை.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 10, புதன்

சித்திரை வருஷத்துக்கு ஊருக்குப் போகிறார்கள். லொறி வந்து நின்றது. தறப்பாளை மடிக்க நானும் ஒரு பக்கம் பிடித்தேன். வருஷத்துக்கு இத்தனை சாமானா என்று பகிடிக்குக் கேட்டேன், நிஹால் சிரித்தான்.

சு. அம்மிக்கல்லை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கே கொண்டுவந்தாள். லொறியில் இடமில்லை, வரும்போது எடுக்கிறேன் என்றாள். இருபத்தோராம் திகதி ஞாயிறு பார்ப்போம் என்றேன். ஹரி மிஸ் என்றாள், சரியாம்.

மனசு நிறைந்திருக்கிறது. மாமியாரின் கல்லையே நம்பி விட்டுப்போகிறாள் என்றால் ஒரு கிழமையில் வராமல் இருப்பாளா. த.போ.வுக்குக் கடிதம் போட்டாயிற்று: பதினான்கு பேர், நிலையாக.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஒருவரும் இல்லை.

பதினொன்றரைக்கு சவுத்பார் போனேன். எதிர்க்காற்று, முகம் முழுக்க மணல். வாடிக் கம்பு நின்ற குழிகள், கயிற்றுத் துண்டுகள். ஒரு பெட்டை நாய். அவ்வளவுதான்.

வந்து பி.யிடம் கேட்டேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "சோளகக் காத்து எழும்பீற்று, சிஸ்டர். இனி அந்தக் கரையில படகு விடேலாது. வாடைக் காத்துக்குத்தான் வருவினம். ஐப்பசி." வருஷா வருஷம் இதுதானாம். கல்லைத் தந்துவிட்டுப் போனாளே என்றேன். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மிக்கல்லை விட்டிட்டுப் போறவை அடுத்த கிழமை வருவினமே? அதுவரைக்கும் எதில அரைக்கிறது?"

ஏன் அக்கா முதலே சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேக்கேல்லையே என்றார். கடற்கரையில் வந்து இருக்கிற ஒருத்திக்குக் காற்றுத் தெரியாது என்று யார் நினைப்பார்களாம்.

நான் வவுனியாக்காரி. எனக்குக் குளம் தெரியும். நெல் எப்போது விதைப்பார்கள் என்று தெரியும். தறப்பாளை என் கையாலேயே மடித்துக் கொடுத்தேனே, மடைச்சி.

ஏப்ரல் 26, வெள்ளி

சு. போனில் கிடைத்தாள். பின்னால் கோழிச் சத்தம். ஓம், வாடைக்கு வருவோம், மிஸ்ஸுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன் என்றாள். மே மாதம் பத்துப் பேர் வேண்டும் என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், எனக்காக வந்து கதிரையை நிரப்பு என்று எப்படிக் கேட்பது. கல் பத்திரமா என்று கேட்டாள். பத்திரம் என்றேன்.

மே 5, ஞாயிறு

காற்று, காற்று, காற்று. த.போ.வும் மனைவியும் வான் பிடித்து வந்தார்கள். பதினான்கு கதிரை போட்டிருந்தேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

ஆராதனையை முழுக்கச் சிங்களத்தில் நடத்தினேன். இருவருக்கும் ஒரு சொல் விளங்காது. விளங்காதது நல்லது, நடுவில் நான் செபம் செய்யவில்லை, முகாம் வாசலில் கேட்ட அதே கேள்விகளைத்தான் திரும்பக் கேட்டேன். த.போ. ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொன்னார்.

பிறகு கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நிலையாக என்று எழுதியிருக்கிறீர்களே என்றார். காற்றை விளங்கப்படுத்தினேன். ஐப்பசிவரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன், கெஞ்சினேன் என்றே எழுதலாம். "கடல்காரரை நம்பி ஆரும் சபை கட்டுவினமே, சிஸ்டர்?" ஆண்டவர் பேதுருவை எங்கே பிடித்தார் என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

மூடுகிறார்கள். வவுனியாவில் ஓய்வுநாள் பாடசாலை, தமிழில், சின்னப் பிள்ளைகளுக்கு. வியாழன் பொறுப்பெடுக்க வேண்டும்.

அம்மா இன்று போன் எடுத்தார். முடிஞ்சுதோ என்றார். ஓம் என்றேன். "நல்லது" என்றார். மூன்று மாதமாக நான் காத்திருந்த சொல் அதுதான் போல.

மே 6, திங்கள்

கட்டு: உடுப்பு, பாய், கேத்தல், வேதாகமம் இரண்டு.

பாட்டுப் புத்தகம் எண்ணினேன், 18 சரி. சு. பாவித்ததில் கடைசித் தாளில் பென்சிலால் பெயர்கள். மாமியார், மகள், நிஹாலின் கால், நான்காவது ரவி. செபத்துக்குக் குறித்து வைத்திருக்கிறாள். அந்தத் தாளைக் கிழித்து எடுக்க நினைத்தேன். எடுக்கவில்லை. அவளுக்குத்தானே வேணும்.

நெடுநேரம் அழுதேன். பிறகு குசினி கூட்டினேன்.

மே 7, செவ்வாய்

விடிய ஐந்து மணிக்கே காற்று. வீட்டுத் திறப்பைப் பி.யிடம் கொடுத்தேன். சுஜீவா ஐப்பசியில் வந்தால் கல்லையும் புத்தகப் பெட்டியையும் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"நான் அவையளோட கதைக்கிறேல்லை, சிஸ்டர்."

முகத்தைத் திருப்பாமல், என்னைப் பார்த்தே சொன்னார். கல்லை நான் ஒருத்தி தூக்க முடியாது, பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். அப்படியே நின்றோம்.

"வாசல்ல வைச்சிட்டுப் போங்கோ. நான் குடுக்கமாட்டன். எறியவும் மாட்டன்."

கல்லை இரண்டு பேருமாகத்தான் தூக்கினோம். பெட்டி நனையும் என்று பி. அதை இறவாணத்துக்கு உள்ளே தள்ளிவைத்தார். பஸ் ஏழரைக்கு.