கழுத்தளவு முடி

2024 நவம்பர் 12, செவ்வாய்

தலை முழுகியது ஞாயிற்றுக்கிழமை. இன்னும் பின்னலுக்கு உள்ளே ஈரம். பெரகலைப் பக்கமிருந்து ஏறி வரும் மூட்டம் காலையிலேயே வாசலை மூடிவிடுகிறது. அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முடியை விரித்துப் போட்டு, சாம்பிராணிப் புகையும் பிடித்தாயிற்று. வீட்டுக்காரர் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார்.

"கருவாடு சுடுறியா வள்ளி?"

கருவாடு இல்லை. நான்தான்.

அறுபத்து மூன்று வயதில் இடுப்புக்குக் கீழே முடி. கொடுத்து வைத்தவள் என்கிறார்கள் எல்லோரும். காய வைப்பது யார்?

நவம்பர் 16, சனி

வலது கை காதுக்கு மேலே ஏற மாட்டேன் என்கிறது. பண்டாரவளையில் டொக்டரிடம் காட்டினோம். தோள்மூட்டு இறுகிவிட்டதாம். குணமாக மாதக்கணக்கில் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பழகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் கொண்டை அவிழ்ந்து தொங்கியது. முடிய முடியவில்லை. பின்சீட்டில் இருந்த பெண் அவளாகவே முடிந்துவிட்டாள். நல்ல பிள்ளை. ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நவம்பர் 18, திங்கள்

இன்று முதல் என் தலை அவர் பொறுப்பு. ஓய்வு பெறும்வரை தேயிலை ஃபெக்டரியில் மெஷின்களைப் பார்த்தவர். என் தலையையும் அப்படித்தான் பார்க்கிறார். சீப்பைப் போட்டு ஓர் இழுப்பு. நான் நகர்ந்தால், "ஆடாம இருன்னு சொல்றேன்ல!" மூன்று பிரியையும் கயிறு மாதிரி முறுக்கிக் கட்டிவிட்டார். புருவம் மேலே ஏறிப் போயிற்று. கண்ணாடியில் பார்த்தால் எதையோ கண்டு பயந்தவள் மாதிரி இருக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

மழை. பின்னல் இப்போது ஒழுங்காக வருகிறது, பாராட்ட வேண்டும். சீவும்போது ஏதேதோ பேசுகிறார் – ஃபெக்டரியில் பெரிய துரைக்குத் தெரியாமல் தேங்காய் ரொட்டி சுட்ட கதை. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் தலை காயவில்லை. நெற்றி முழுக்க நீர் கோத்து, கனம்.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று ஒன்று நினைத்துக்கொண்டேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எத்தனை காலம் வேலை பார்த்தேன்! தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள். பேன் வந்துவிட்டால் முதல் வைத்தியம் கத்தரிக்கோல்தான். அழுதுகொண்டே உட்காரும். வெட்டி முடித்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டு ஓடும்.

எனக்கு மட்டும் ஏன் –

வெட்டிவிட வேண்டியதுதான். எவ்வளவு? தோள்வரை விட்டால் அதையும் கட்ட வேண்டும். ஒட்ட வெட்டிவிடலாம்.

அவரிடம் எப்படிச் சொல்வது?

டிசம்பர் 5, வியாழன்

சீவிக்கொண்டிருந்தபோதே சொன்னேன். கை நின்றது. அப்புறம், "உன் இஷ்டம்" என்றார். அந்த "உன் இஷ்டம்" எனக்குத் தெரியாதா?

கொழும்பிலிருந்து மகள் ஜெயந்தினி போனில் குதிக்கிறாள். "வெட்டும்மா, சூப்பரா இருக்கும்!" படங்கள் வேறு அனுப்பியிருக்கிறாள். எல்லாம் வெள்ளைக்காரிகள். முடியை வெட்டலாம், அந்த மூக்குக்கு எங்கே போவது?

டிசம்பர் 10, செவ்வாய்

பண்டாரவளையில் ஸவாஹிரா என்று ஒரு பெண் பெண்களுக்கான சலூன் வைத்திருக்கிறாள். திரை போட்ட சின்ன இடம், சுத்தமாக இருந்தது. போய் உட்கார்ந்தேன். என் பின்னலைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, வெட்ட மாட்டேன் என்றுவிட்டாள்!

"அன்ட்டி, ஒரு கிழமை, ஏழு நாளும் யோசிச்சிட்டு வாங்க. போன மாசம் ஒருத்தங்க வெட்டிட்டு இந்தக் கதிரையிலயே உக்காந்து அழுதாங்க. அவங்களப் பாத்து நானும் அழுதேன். வீட்டுல கேட்டீங்களா?"

"பல்லுப் புடுங்கப் போனப்போ யாரும் இப்படிக் கேக்கலையேம்மா" என்றேன்.

சிரித்தாள். ஆனாலும் வெட்டவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

டிசம்பர் 17, செவ்வாய்

வெட்டியாயிற்று!!

பின்னலை அடியில் இறுகக் கட்டி, அதற்கு மேலே கத்தரி போட்டாள். ஒரே வெட்டில் போகவில்லை. கீரைக்கட்டை அறுப்பது போல நறநறவென்று சத்தம். பின்னல் தனியாக வந்ததும் தலை தானாக முன்னால் சாய்ந்தது – அவ்வளவு பாரத்தையா இத்தனை காலம் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்?

பழைய சாயமெல்லாம் பின்னலோடு போயிற்று. முக்கால்வாசி வெள்ளை. கழுவினாள். ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் காய்ந்துவிட்டது. காய்ந்ததும் பார்த்தால், முடி அங்கங்கே வளைந்து வளைந்து எழும்புகிறது.

"அன்ட்டி, உங்களுக்கு சுருட்டை முடி!"

என்னது?

"பாரத்துல இவ்வளவு நாளும் நீண்டு கெடந்திருக்கு."

எனக்குச் சுருட்டை முடி. இந்த வயதில் சொல்கிறார்கள்!

பஸ்ஸில் மழைக்கோட்டோடு நின்றேன். கொண்டக்டர் பின்னாலிருந்து, "தாத்தா, கொஞ்சம் முன்னுக்குப் போங்க" என்றான். திரும்பினேன். பையன் வெட்கத்தில் ஒருவரை எழுப்பி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். வீடு வரும்வரை சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 19, வியாழன்

காலையில் பழக்கத்தில் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். சீப்பை அலமாரியில் வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். லீக்ஸ் பாத்தியோடு பேசுகிறார். என்னோடு இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

பதுளையிலிருந்து இராக்கம்மா அண்ணி வந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் தவறியபின் கடையையும் வீட்டையும் ஒற்றை ஆளாகத் தாங்கியவர். மகன் கஜேந்திரனுக்கு பெப்ரவரி 2ஆம் திகதி கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயோ வள்ளி, என்னடி சீக்கு? எங்கிட்ட ஏன் சொல்லல?"

சீக்கு இல்லை அண்ணி, நானாகத்தான் வெட்டினேன் என்றேன். பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"என் தம்பி கல்லுக் கணக்கா உசுரோட இருக்கான். நீ ஏன்டி இந்தக் கோலத்துல நிக்கிற? தாய்மாமன் பொண்டாட்டி நீ. ஆரத்தி எடுக்கணும், சீர்த்தட்டுத் தூக்கணும். இந்தத் தலையோட மேடை ஏறாத, சொல்லிட்டேன். சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?"

எனக்கு அழுகை வரல. கோவந்தான். கஜேந்திரன நான் தூக்கி வளத்திருக்கேன், அவன் கல்யாணத்துல நான் ஒதுங்கி நிக்கணுமா? தலையில முடி கம்மின்னா நான் அத்தை இல்லையா? அதவிட – அவரு அங்கனதான் உக்காந்திருந்தாரு. ஒரு வார்த்தை பேசல. ஏன் பேசல?

டிசம்பர் 24, செவ்வாய்

கேட்டேவிட்டேன். "ஏங்க, உங்களுக்கும் நான் முண்டச்சி மாதிரி தெரியிறேனா?"

பதறிப்போனார். "சீ, என்ன பேச்சு பேசுற." நகத்தைச் சுரண்டினார். அப்புறம் வந்தது.

"வேல பாத்த காலத்துல நான் வெள்ளனவே ஃபெக்டரிக்குப் போயிருவேன். நீ காம்பராவுக்கு ஓடிருவ. தலை சீவி விட்ட இந்த ஒரு மாசந்தான் காலையில உக்காந்து உங்கூடப் பேசினேன். இப்ப அந்த வேலையும் இல்ல. என்ன சாக்குல வந்து உக்கார்றது?"

நான் என்னவெல்லாமோ நினைத்திருந்தேன். இது தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, பக்கத்தில் உட்கார ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது இந்த மனிதருக்கு.

"தோளுக்கு எண்ணெய் தேய்க்க ஆள் வேணும்" என்றேன்.

உடனே எழுந்து போய் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

அண்ணிக்குப் போன் பண்ணினார். சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று கத்தினார், அடுத்த லயத்து வீடுகளுக்கே கேட்டிருக்கும். "மாமன் வந்தா மாமன் பொண்டாட்டியும் சேந்துதான் மேடை ஏறுவா! இல்லாட்டி ரெண்டு பேரும் வரல!"

அண்ணி வைத்துவிட்டாராம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் அழகாகப் பொங்கியது. அண்ணியிடமிருந்து போன் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் விடிந்ததும் முதல் போன் அவருடையதுதான். இவர் இரண்டு தடவை மேட்டுக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குப் பொங்கல் இறங்கவில்லை. என் தலைக்காக அக்காவும் தம்பியும் பேசாமல் இருக்க வேண்டுமா?

ஜனவரி 16, வியாழன்

சமாதானத்துக்காகச் சவுரி வைத்துப் பார்க்கலாம் என்று ஸவாஹிராவிடம் போனேன். இருந்த கிளிப்பெல்லாம் குத்தி ஒரு கொண்டையை நிறுத்தினாள். நான் குனிந்ததும் அது கழன்று வாளிக்குள் விழுந்தது. இருவரும் மூச்சுத் திணறச் சிரித்தோம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் நேர்ல பேசுங்க அன்ட்டி" என்றாள்.

ஜனவரி 19, ஞாயிறு

தனியாகப் பதுளைக்குப் போனேன். அண்ணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை, பலகையை மட்டும் நகர்த்திப் போட்டார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று. சும்மா உட்கார்ந்தேன்.

துருவியபடியே அவர்தான் தொடங்கினார். "எம் மவன் கல்யாணத்துல என்னைய மேடை ஏத்த மாட்டாங்க, தெரியும்ல? தாலி இல்லாதவ. பின்னால கதிரையில உக்காந்து பாக்கணும். எங்க பக்கத்துக்கு முன்ன நிக்கிறது நீ ஒருத்திதான். உன்னையும் பாத்து யாராச்சும் ஒண்ணு சொல்லிட்டா எனக்கு யாரு இருக்கா வள்ளி?"

அப்புறம் துருவ முடியவில்லை அவரால்.

எனக்கு இது உறைக்கவே இல்லையே. என் முடியை நினைத்தேன், இவரை நினைக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ நீங்களும் ஏறுங்க அண்ணி. ஆரத்தித் தட்டை ரெண்டு பேரும் சேந்து பிடிப்போம். எனக்குக் கை தூக்க முடியலன்னு சொல்லிக்கலாம். பொய்யும் இல்லை."

"போடி, ஊரு சிரிக்கும்."

கதவருகில் கஜேந்திரன் நின்றிருக்கிறான், நாங்கள் பார்க்கவில்லை. "சிரிக்கட்டும்மா. நீ ஏறலன்னா நானும் ஏறல."

இந்தக் குடும்பத்து ஆம்பிளைகளுக்கு இந்த ஒரு மிரட்டல்தான் தெரியும் போல.

பெப்ரவரி 2, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. கால் வலி. ஆனால் எழுதாமல் படுக்க மனமில்லை.

காலையில் பெண் வீட்டார் மல்லிகைச் சரம் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கும் நீட்டினார்கள். நான் சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். அண்ணி வந்தார். என் தலையை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார். "எங்கனடி வைக்கிறது இத?" என்று முணுமுணுத்து, தன் கொண்டையிலிருந்த ஊசியையே உருவி, காதுக்கு மேலே சரத்தைச் செருகிவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். "ம். நல்லாத்தான் இருக்கு, போ."

ஆரத்தி எடுக்கும் நேரம். கஜேந்திரன் மாலையோடு இறங்கி வந்து அம்மாவைக் கதிரையிலிருந்து எழுப்பினான். அண்ணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். யாரோ ஒரு கிழவி ஏதோ சொல்லத் தொடங்கினாள். என் வீட்டுக்காரர் சட்டென்று மேளக்காரர்களைப் பார்த்துக் கையை வீச, அவர்கள் கெட்டிமேளமே கொட்டிவிட்டார்கள். கிழவி சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. தட்டின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அண்ணி. என் பக்கம் தாழ்ந்து, மாப்பிள்ளையின் வேட்டியில் சிவப்புத் தண்ணீர் கொட்டியது. அண்ணி முதலில் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

பெப்ரவரி 3, திங்கள்

நாள் முழுக்கத் தூக்கம்.

ஜூலை 12, சனி

கை முழுதாக மேலே ஏறுகிறது. கதவு நிலையைத் தொட்டுக் காட்டினேன்.

பண்டாரவளைக்கு முடி வெட்டப் போனோம். திரைக்கு வெளியே பேப்பரோடு அவர். ஸவாஹிரா, "போன தடவை மாதிரியேதானே அன்ட்டி?" என்றாள். இல்லை, ஓரத்தை மட்டும் சரிசெய், கழுத்தளவுக்கு வளர்க்கப் போகிறேன் என்றேன். சுருள் கீழே எப்படி விழும் என்று பார்க்க ஆசை. பிடிக்காவிட்டால் வெட்டிக்கொள்ளலாம்.

வெளியிலிருந்து குரல்: "ஏன், இப்ப இருக்குறதுக்கு என்ன கொறை? கட்டையா இருந்தாத்தான் அவளுக்கு எடுப்பா இருக்கு!"

ஸவாஹிரா கத்தரியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

பஸ்ஸிலும் விடவில்லை அவர். கழுத்தளவு என்றால் பாதியும் இல்லை முழுசும் இல்லையாம். நான் விடுவேனா? பேசிப் பேசி வீட்டைத் தாண்டி, பெரகலைச் சந்திவரை போய்விட்டோம். அங்கேயே ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துக்கொண்டு, திரும்பும் பஸ்ஸுக்காக நின்று, மிச்சத்தையும் பேசினோம்.