கைப்பிடி திரும்பவில்லை

மார்ச் 4
இன்று பதுங்கறைகளுக்கான நாற்பத்தொன்றாவது மாதிரிக் கதவு. அணுகுண்டு வெடித்தால் கிளம்புவது போன்ற காற்றைப் பெரிய இரும்புக் குழாய்க்குள் கிளப்பி, கதவின் முகத்தில் ஓங்கி அடித்தோம். கட்டடமே ஒரு குலுக்குக் குலுங்கியது. கதவு உடையவில்லை. ‘தேறியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். அதிசயம்தான்.

மார்ச் 5
சோதனை முடிந்த கதவை எப்போதும் வெல்டர் வெட்டி எடுத்துவிடுவார். இன்று அவருடைய கேஸ் சிலிண்டர் காலி.

“கதவுதானே மேடம், நீங்களே திறந்துட்டு வாங்களேன்!” என்று கிண்டல் வேறு.

பின்பக்கச் சின்ன வழியாகக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சோதனை அறைக்குள் போய், உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருப்பினேன். திரும்பவில்லை. தோளால் முட்டினேன். உதைத்தேன். காற்று அடித்த அடியில் கதவுச் சட்டம் வளைந்து கதவைக் கவ்விக்கொண்டிருக்கிறது.

வெளியே வெல்டரின் சிரிப்பு நின்றுவிட்டது.

நாற்பத்தொரு கதவு! ஒன்றையாவது திறந்து பார்த்தோமா? இதுவரை எல்லாவற்றையும் வெட்டித்தானே எடுத்தோம்! ஐயோ — இத்தனை வருஷம் என் மூளை எங்கே போச்சு?

மார்ச் 6
மேலாளரிடம் சொன்னேன்.

“கதவு உடைஞ்சுதாம்மா? இல்லல்ல? அப்புறம் என்ன?”

“உள்ள இருக்கறவங்க எப்படி சார் வெளிய வருவாங்க?”

சோதனைப் படிவத்தை எடுத்து, மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். “அப்படி ஒரு கேள்வியே இதுல இல்லையேம்மா.”

இல்லைதான். அந்தப் படிவத்தைத் தயாரித்தவளே நான்தான்.

மார்ச் 7
அக்கா நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டு அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது எங்கள் பதினேழாவது மாதிரியைப் பார்த்துச் செய்த கதவு. “நீ கையெழுத்துப் போட்ட கதவுடி!” என்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள்.

மார்ச் 10
பழைய படிவங்கள் நாற்பத்தொன்றையும் எடுத்து மேசையில் அடுக்கினேன்.

மார்ச் 12
நாற்பத்தொரு கையெழுத்தையும் திரும்பப் பெறுகிறேன், எல்லாக் கதவுச் சட்டங்களையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். “வேலை போயிடும், யோசிச்சுக்கோ,” என்றார் மேலாளர். போகட்டுமே!

மார்ச் 19
வேலை போகவில்லை. படிவத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: ‘அடித்தபின் உள்ளேயிருந்து கையால் திறந்து பார்க்கவும்.’ இவ்வளவுதான். இதற்கா நாற்பத்தொரு கதவு?

ஏப்ரல் 2
அக்கா போன் செய்தாள். ஆட்கள் வந்து வார்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

“புதுசு எப்ப வருமாம்க்கா?”

“யாருக்கும் தெரியலடி. இப்போதைக்கு ஒரு திரை கட்டியிருக்காங்க. பரவால்ல, நல்லா காத்து வருது.”

காற்று! அதைத் தடுக்கத்தானே அந்தக் கதவு. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது.