பெருமாள் குண்டானில் வெந்த கிட்டார் கம்பி

திலீப்,

அடுப்பில் மூடி வைத்திருப்பது பொங்கல் இல்லை. உங்கள் பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகள். "பழைய கம்பிய வேக வெச்சா அழுக்கு போயி புதுசு மாதிரி சத்தம் வரும்னு ஃபோன்ல காட்றான்" என்று நேற்று குதித்தீர்கள், சரி. அதற்குப் புரட்டாசி சனிக்கிழமைக்கு மட்டும் பரணிலிருந்து இறக்குகிற பெருமாள் குண்டான்தான் கிடைத்ததா? தண்ணீர் மேல் உங்கள் விரல் பிசுக்கு மிதக்கிறது.

உங்கள் அம்மா புத்தூரிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் வருகிறார். வந்ததும் அந்தக் குண்டானைத்தான் கேட்பார்.

போன வருஷம் நான் அதைத் தொட்டுவிட்டேன் என்று, "தூரமா இருக்கிற மருமவ பெருமாள் குண்டான தூக்கிக்கினு நிக்கிறா பாரு" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். நீங்கள் ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை.

கம்பெனி பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன். கம்பிகளை நான் எடுக்கவில்லை, குண்டானைக் கழுவவும் இல்லை. இன்றும் நான் தூரம்தான்.

இட்லி மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள்.

தேவயானி

ஹெட்போனைத் தேட வேண்டாம், என் பையில் இருக்கிறது. இன்றைக்காவது அத்தை பேசுவதை வெறும் காதால் கேளுங்கள்.