பங்கு வைத்தவள்

ஜூன் 10, 1994. வெள்ளி

காலையிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு பறந்து பக்கத்து லேத் பட்டறைக் கூரையில். கேட்டு வாங்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும். குடைக் கம்பி சரிசெய்ய வேண்டும்.

இந்த வருஷமும் நீதிபோதனை என் தலையில். புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது, ஆகவே யாருக்கும் வேண்டாம். கணக்கு டீச்சருக்கு நியாயம் தெரியும் என்று எச்.எம். நினைப்பு. 9-சி, கடைசி பீரியடு, பாதி தூக்கம்.

சாயங்காலம் தம்பி குமரேசன். அவன் பட்டறைக்கும் என் வாடகை வீட்டுக்கும் கணபதி ஏரியாவில் இரண்டே தெரு. கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லை. நேரே சமையலறை, சட்டி மூடியைத் திறந்து பார்ப்பது, இருந்த பச்சைப்பயறு கடைசலை வழித்துச் சாப்பிடுவது, அப்புறம்தான் பேச்சு. அப்பா போய் வருஷம் திரும்பிவிட்டது, சத்தியமங்கலத்துப் பூமியைப் பிரித்துவிடலாம் என்கிறாராம் அண்ணன். ஆடி பிறப்பதற்குள் பத்திரம்.

எங்கள் பக்கத்து முறை: பெரியவன் பங்கு வைக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். எது மிஞ்சும் என்று தெரியாததால் வைப்பவன் ஒழுங்காக வைப்பான். ஆனால் அண்ணனுக்குக் கணக்கு வராது, அண்ணி வைத்ததாகிவிடும் என்று இவனுக்குப் பயம்.

"நீங்க வெச்சுக் குடுங்கக்கா. நீங்க வெச்சா நாங்க ரெண்டு பேரும் மறுபேச்சுப் பேச மாட்டோம்."

சந்தோஷமாக இருந்தது. இதில் எழுதுவதற்கு என்ன வெட்கம், ரொம்பவே சந்தோஷம்.

ஜூன் 12. ஞாயிறு

கா. 6.40 பஸ். புளியம்பட்டி தாண்டிச் சாரல்.

வாய்க்கால் பாயும் வயல் இரண்டு ஏக்கர். மேட்டுக்காடு நான்கு ஏக்கர். கிணறு ஒன்று. வரப்போரத் தென்னை இருபத்தாறு. வீடு அம்மா இருக்கும்வரை பொது. அவள் அண்ணனோடுதான் இருக்கிறாள்.

இருவரையும் தனித்தனியே கேட்டேன்: ஒரு ஏக்கர் வயலுக்கு ஈடாக எவ்வளவு மேட்டுக்காடு கொடுத்தால் மனசு சமாதானமாகும்? ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சொன்னது, இரண்டு ஏக்கர். எனவே வயல் முழுதும் ஒரு பங்கு, மேட்டுக்காடு முழுதும் ஒரு பங்கு. கிணறு காட்டோடு, தென்னை வயலோடு. சேற்றில் செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலோடு நான்கு எல்லையும் நடந்து படம் போட்டேன்.

அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுல எது வந்தாலும் எனக்குச் சரி அம்மணி" என்றார். குமரேசனும் அதையே சொன்னான். இதுதான் நியாயம். எது வந்தாலும் சரி என்று எல்லோராலும் சொல்ல முடிவது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு இதையே சொல்ல வேண்டும்.

இரண்டு பங்கு. மூன்று முறை சரி பார்த்தேன். மீதி இல்லை.

அம்மா கூடவே நடந்தாள். பஸ் ஏறும்போது ஒரு கட்டு முருங்கைக்காய். "நல்லாப் பண்ணிப்போட்டே கண்ணு" என்று கையைப் பிடித்தவள் விடவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்த பிறகும். வயசாகிறது.

ஜூன் 15. புதன்

துண்டு வந்தது, கிரீஸ் கறையோடு. கேஸ் இன்னும் பத்து நாளாம்.

குமரேசன் வந்தான். திங்கட்கிழமை சத்தியில் பத்திரப் பதிவு, ஒருநாள் லீவு போடச் சொன்னான். ஒரே ஒரு சாட்சிக் கையெழுத்துத்தானாம். என் வயதைக் கேட்டான், முப்பத்தெட்டா முப்பத்தொன்பதா என்று. சாட்சிக்கு வயதெல்லாமா என்றேன். இப்போதெல்லாம் எழுதுகிறார்களாம். நான் போட்ட படத்தை வாங்கத்தான் வந்தான். முருங்கைக்காய்க் குழம்பு ருசியில் அதை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஜூன் 17. வெள்ளி

நீ.போ. வகுப்பு. ஒரு தேங்காய் பன், இரண்டு பிள்ளைகள். ஒருத்தி வெட்ட வேண்டும், மற்றவள் முதலில் எடுக்க வேண்டும். வெட்டியவள் ஸ்கேல் வைத்து அளந்தாள். ஒரே சிரிப்பு. இந்த வருஷத்தில் யாரும் தூங்காத முதல் வகுப்பு.

ஸ்டாஃப் ரூமில் இந்தப் பெருமையைப் பூமிக் கதையோடு சேர்த்துச் சொன்னேன். பிலோமினா டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "அதுல உங்க பங்கு எதுங்க டீச்சர்?"

எனக்கெதற்கு, சம்பளம் வருகிறதே என்று சிரித்தேன். கல்யாணமாகாத பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் வந்து சில வருஷமாகிறது என்றார். எரிச்சல். அவர் வீட்டில் தகராறு என்றால் எல்லார் வீட்டிலும் தோண்ட வேண்டுமா. காபி குடிக்கக் கூப்பிட்டார், போகவில்லை.

ஜூன் 18. சனி

பள்ளி அரை நாள். படத்தில் வடக்கு எல்லையைத் தப்பாகக் குறித்திருந்தேன். திருத்தி, நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மத்தியானப் பஸ்ஸில் சத்தி. குமரேசனுக்கு ஓர் அலைச்சல் மிச்சம் என்று நினைத்தேன்.

பத்திரம் எழுதுபவர் மரியாதையான மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். திங்கட்கிழமை சாட்சிக் கையெழுத்துக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க சாட்சி இல்லீங்களே. நீங்க எழுதிக் குடுக்கறவிங்க."

கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். விடுதலைப் பத்திரம். என் பெயர், அப்பா பெயர், வயது 38, சரியாக. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின்பேரில், எனக்குச் சேர வேண்டிய சீரை நகையாகவும் பாத்திரமாகவும் முன்னமே பெற்றுக்கொண்டபடியால், என் பாகத்தைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன். நடக்காத கல்யாணத்துக்கு வாங்காத சீர்.

அடுத்த வரியில் அம்மா பெயர், அவளும் தன் பாகத்தை விட்டுக்கொடுப்பதாக. அவளுக்குப் போன வாரமே படித்துக் காட்டியாகிவிட்டதாம்.

வாரம் என்றால் எந்தக் கிழமை என்று கேட்டேன். வியாழன். நான் பங்கு வைக்கப் போனதற்கு மூன்று நாள் முன்பு. குமரேசன் என்னிடம் கேட்டு வந்ததற்கே முந்தின நாள்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் மஞ்சள் பை வைத்திருந்த அம்மாள், ஏனுங் கண்ணு, உடம்புக்கு ஆகலீங்களா என்றார். தலைவலி என்றேன்.

ஜூன் 19. ஞாயிறு

சமைக்கவில்லை. தலைக்கு ஊற்றவில்லை.

பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். மீதி இல்லை என்று எழுதி அடிக்கோடு வேறு. அவர்கள் ஏமாற்றினார்கள், சரி. ஆனால் இரண்டாகப் பிரி என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே. அவன் நாங்க ரெண்டு பேர் என்றான், நான் இரண்டால் வகுத்தேன். வகுக்கும் எண் சரிதானா என்று முதலில் பார் என்று இருபது வயதிலிருந்து பிள்ளைகள் தலையில் குட்டி வருகிறேன்.

பத்து மணிக்குக் குமரேசன். பத்திரக்காரர் சொல்லிவிட்டார் போல. இன்று சமையலறைக்குப் போகவில்லை, நிலைப்படியில் சாய்ந்து நின்றான்.

ஏன் சாட்சி என்று சொன்னாய் என்று மட்டும் கேட்டேன்.

"கேட்டா நீங்க எனக்குப் பங்கு வேண்டாம்னுதானுங்கக்கா சொல்லுவீங்க. எப்படியும் குடுக்கப் போறவிங்களை எதுக்குக் கேட்டுச் சங்கடப்படுத்தோணும்னுதான்."

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். இல்லை, பொய் எழுதக் கூடாது என்று இரண்டு முறை யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருப்பேன், முழுசாக, சிரித்துக்கொண்டே. அப்படியென்றால் என்னிடமிருந்து எதைத்தான் திருடினார்கள்? பூமியை அல்ல. நான் கொடுப்பதைத் திருடிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் பின்னம் வராமல் அழுத பயலை மடியில் போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். அவனுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் செய்தான்.

அம்மா கை விடாமல் பிடித்தது இப்போது புரிகிறது. புரியாமலே இருந்திருக்கலாம்.

மத்தியானம் புதுத் தாள். வயலை மேட்டுக்காடாக மாற்றிக் கணக்குப் போட்டால் மொத்தம் எட்டு ஏக்கர். எட்டு மூன்றால் வகுபடவில்லை, தசமத்தில் நீண்டுகொண்டே போகிறது. கிணற்றுத் தண்ணீர் முறை, தென்னை எண்ணிக்கை வைத்துச் சரிக்கட்ட நான்கு மணி நேரம். முடிந்தது.

ஜூன் 20. திங்கள்

லீவு லெட்டர் பிலோமினா டீச்சர் வீட்டில். மன்னிப்பும் கேட்டேன். காபி கொடுத்தார்.

சத்தி, 9.30. அலுவலக வேப்பமரத்தடியில் அம்மா, அண்ணன், குமரேசன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தாளைக் கொடுத்தேன். மூன்று பங்கு. பங்கு வைத்தவர் கடைசியில் எடுப்பதுதானே முறை, நீங்கள் இருவரும் எடுங்கள், மிஞ்சுவது எனக்கு என்றேன். எது மிஞ்சினாலும் எனக்குச் சரி.

அவர்கள் இருவராலும் அதைச் சொல்ல முடியவில்லை.

அம்மாதான் கேட்டாள். "உனக்கப்பறம் அது ஆருக்குக் கண்ணு?"

"அதையும் என்னைக் கேட்டுத்தானுங்கம்மா தெரிஞ்சுக்கோணும்."

அவள் அழுதாள். நான் அழவில்லை. பத்திரம் எழுதவில்லை. 11.10 பஸ், நின்றுகொண்டே வந்தேன்.

ஜூன் 21. செவ்வாய்

காற்று அடங்கவில்லை. குடைக் கம்பி சரிசெய்தாகிவிட்டது. 10-ஏ ஸ்லிப் டெஸ்ட், ஆறு பேர் பெயில்.

சாயங்காலம் பச்சைப்பயறு கடைசல் வைத்தேன். யாருக்காக என்று யோசிக்காமல் இரண்டு ஆளுக்கு வைத்துவிட்டேன். ஆறரைக்குக் கதவு தட்டும் சத்தம். கேஸ்காரன் என்று நினைத்துத் திறந்தேன். குமரேசன்.

"உள்ள வரலாங்களாக்கா?"

அவனுடைய முப்பத்து மூன்று வயதில் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

வா என்றேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு முன்னறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். சாப்பிடுகிறாயா என்றேன். வேண்டாமுங்க என்றான். சட்டி மூடியபடியே இருந்தது.