அக்கி என்று தேடினால் வருகிறது, டாக்டர்

இன்று காலை கணினித் திரையைத் துடைக்கத் துணி தேடியபோது, மேசை இழுப்பறையில் உங்கள் கைக்குட்டை கிடைத்தது. யூகலிப்டஸ் தைல வாசனை இன்னும் லேசாக இருக்கிறது. அதை மடித்து வைத்துவிட்டு வேட்டி நுனியால் துடைத்தேன். பார்த்திருந்தால் திட்டியிருப்பீர்கள்.

ஓய்வுபெற்ற ஓர் ஆங்கில ஆசிரியனும் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரும் செஞ்சி பஜாரின் மாடி அறையில் உட்கார்ந்து நோய்களுக்குத் தமிழ்ப் பெயர் எழுதுகிறார்கள் என்றால் யாரும் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக் கணினியில் நர்ஸ் தமிழில் தட்டினால் சரியான நோய் வந்து நிற்க வேண்டும், அதுதான் வேலை. நான் எழுதுவேன், நீங்கள் ஒப்புதல் தருவீர்கள். எழுதியவரே ஒப்புதல் தரக் கூடாது என்ற விதி எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்று சர்வர்கள் எதற்கு என்று நீங்கள் சொல்லித்தான் புரிந்தது. ஒன்றில் எழுதுகிறோம். இரண்டாவதில் போட்டுத் தேடிச் சோதிக்கிறோம். மூன்றாவதைத்தான் ஆஸ்பத்திரிகள் பார்க்கின்றன. அங்கே ஒரு பதிப்பு வெளியாகிவிட்டால் அதில் கை வைக்க முடியாது. பிழையை அடுத்த பதிப்பில்தான் திருத்தலாம். எனக்கு அதுதான் பயம். உங்களுக்கு அதுவே தைரியம். "அதான் அடுத்த பதிப்பு வருதே வாத்தியாரே, இன்னா டென்ஷன்?" என்பீர்கள்.

அக்கி என்ற சொல்லுக்காகத்தான் நாம் உண்மையாகவே சண்டை போட்டோம். நரம்பு வழியே கொப்புளம் கிளம்பும் நோய்க்கு அந்தப் பெயரைப் போடலாம் என்றீர்கள். வேர்க்குரு முற்றினாலும் ஊரில் அக்கி, உதட்டோரம் கொப்புளித்தாலும் அக்கி. தவறான நோய் பதிவாகிவிடுமே என்று நான் இரண்டாவது சர்வரிலேயே நிறுத்தி வைத்தேன். நீங்களோ அங்கே தேடிப் பார்த்து, சொல் வந்ததும், வேலை முடிந்ததென்று அவலூர்பேட்டை நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டீர்கள். மறுவாரமே அவர் மாடியேறி வந்தார்.

"அக்கி வந்துட்சின்னீங்க. எங்க பொட்டியில மட்டும் வர்லியே டாக்டரே?"

நீங்கள் பார்த்தது சோதனை சர்வர் என்று அப்போதுதான் உங்களுக்கு உறைத்தது. அசடு வழிந்தபடி என்னைக் காட்டி, "இவருதாம்மா உள்ள வச்சிப் பூட்டிட்டாரு" என்றீர்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை. முகத்தில் வந்தாலும் முதலில் குயவரிடம் கொப்புளத்தின் மேல் காவி எழுதிக்கொள்ளத்தான் போகிறார்கள், தன்னிடம் வருவதற்குள் கண்ணுக்கு இறங்கிவிடுகிறது என்றார். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் அக்கி என்று தட்டுவார்களாம். ஒன்றும் வராததால் தோல் நோய் என்று போட்டுக் களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவார்களாம்.

அவர் போன பிறகு நீங்கள் ஒரு வழி சொன்னீர்கள். "சொல்லு ஒண்ணு, நோவு மூணு. மூணையும் காட்டட்டும். ஆளைப் பாத்து எதுன்னு எடுத்துக்கட்டும்." அக்கி எந்த நோய்க்கும் பெயராக இருக்காது, தேடும் சொல்லாக மட்டும் இருக்கும். அன்றே எழுதி உங்கள் ஒப்புதலுக்கு அனுப்பினேன். அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தவர், நீங்கள் எழுந்திருக்கவில்லை.

உங்கள் இடத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் வந்தார். ஒப்புதலுக்குக் காத்திருந்த அக்கியைப் பார்த்து, பொருள் தெளிவில்லாத சொல், நீக்கிவிடலாம் என்று எழுதியிருந்தார். வழக்கம்போல 'சரி' என்று தட்டினேன். அனுப்ப மனம் வரவில்லை. அதை அழித்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். நர்ஸம்மா சொன்னதையும் நீங்கள் சொன்ன வழியையும் வரிசையாகச் சொன்னேன். "தயவுசெஞ்சி எடுத்துடாதீங்கம்மா, அது இருக்கணும்" என்றேன். யாரிடமும் நான் அப்படிப் பேசி நீங்கள் கேட்டதில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மாலையில் ஒப்புதல் வந்தது.

போன வாரம் பதிப்பு வெளியானது. நேற்று நர்ஸம்மா போன் செய்தார். ஒரு விவசாயிக்கு நெற்றியில் கொப்புளம். புதுப் பிள்ளை அக்கி என்று தட்டியிருக்கிறாள். மூன்று நோய்கள் வந்ததும் எது என்று தெரியாமல் நர்ஸம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கே கண் டாக்டரிடம் அனுப்பிவிட்டார்களாம்.

"கண்ணு தப்பிச்சிடும்னுட்டாங்க சார். டாக்டரு இருந்தா நேர்ல வந்து சொல்லியிருப்பேன்."

நான் சொல்கிறேன் என்றேன். அதனால்தான் இந்த மடல்.

நான் உங்களைப்போல ஆகிவிடவில்லை. ஒரு சொல்லை அனுப்பும் முன் இப்போதும் மூன்று முறை சரிபார்க்கிறேன். நான்காவது முறை பார்க்கக் கை போகும்போது, எங்கோ ஒருவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பார் என்று தோன்றுகிறது. அனுப்பிவிடுகிறேன், டாக்டர்.