இதயம் வெட்டிய சனிக்கிழமை

2024 யூன் 15, சனி

இதயத்துக்குள்ளே நூல் இருக்கிறது. வெள்ளை நூல், தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிப்பு. முதலில் அதைத்தான் கண்டேன். ஜெகதீஸ்வரி மிஸ் இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தா. கதவு மாதிரி ஒரு தோல் அசைந்தது. "இது அறுந்தா இரத்தம் வந்த வழியாலயே திரும்பும், பிள்ளையள்."

புளியங்குளத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் மிஸ் தகரக் கொட்டில் போட்டு வைத்திருக்கிற ஆய்வுகூடம். சபைப் பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர் சனிக்கிழமைகளில் போகிறோம். பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசைக்குக் கும்பிட வேண்டிவரும் என்று பாஸ்டர் சொல்லி, எட்டாம் வகுப்போடு எங்களை நிறுத்திவிட்டார்கள். மற்றப் பாடங்கள் வீட்டில். விஞ்ஞானத்துக்கு மட்டும் மிஸ். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத அப்பா சம்மதித்ததே இந்த வகுப்பு இருப்பதால்தான்.

பாஸ்டரின் மகள் பிரேமிளா என் காதுக்குள், "வாயத் திறக்காத உனக்கும் உள்ளுக்க இப்பிடித்தான் நூல் கட்டியிருக்கோ?" என்றாள். சிரித்துவிட்டேன்.

பிறகு டிலக்ஸன் கேட்டான். "மிஸ், இவ்வளவு இதயம் எங்க எடுத்தனீங்கள்?"

"நேற்றுக் கோயில் வேள்வியெல்லோ. கிடாய் வெட்டின ஆக்களிட்டச் சொல்லி வைச்சனான். புத்தம் புதுசு."

எல்லாருடைய கையும் நின்றது. விக்கிரகத்துக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, தொடுவதுமில்லை. மிஸ்ஸுக்கு அது தெரியாது. பிரேமிளா கத்தியை வைத்துவிட்டு வெளியே போய்க் கை கழுவினாள். மற்றவர்களும் போனார்கள்.

நான் போகவில்லை. இதயச் சுவரில் பாதி வெட்டியிருந்தேன். மிச்சத்தையும் வெட்டினேன்.

யூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிய பாஸ்டர் அப்பாவைத் தனியே கூப்பிட்டுக் கதைத்தார். வீட்டுக்கு வந்த அப்பா படலையைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். "எந்தக் கை?"

வலது கையை நீட்டினேன். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற குழாயில் ஒரு துண்டு. விரல்களுக்கு மேலே. கையை இழுத்தால் முதுகில். பிறகு காதோடு. "உன்ர கொம்மாவைக் கொல்லப் போறியோ? சொல்லடி!"

அம்மாவுக்கு முன்பு வலிப்பு வரும். சபையில் சேர்ந்து ஜெபித்த பிறகு நின்றது. நான் தொட்டதால் அது திரும்பி வரும் என்று அப்பா நம்புகிறார்.

அடித்து முடிய அவரே எண்ணெய் சூடாக்கி வந்து கையில் பூசினார். அழுதார். அடியைவிட அந்த அழுகைதான் எனக்குப் பயம்.

யூன் 18, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். நடுவிரல் மடங்கவில்லை.

யூன் 20, வியாழன்

அம்மாவுக்கு வலிப்பு வந்துவிட்டது. குசினியில், எனக்கு அரிசி கழுவிக்கொண்டு நின்றவா. சட்டியோடு விழுந்தா. வாயில் நுரை, நாக்கில் இரத்தம்.

என் பாவத்துக்காக அம்மா மூன்று நாள் உபவாசம். தண்ணிகூடக் குடிக்கேல்ல. "பட்டினியால வந்திருக்கும், அப்பா" எண்டு சொல்ல வாயெடுத்தன். அவர் பார்த்த பார்வை — சொல்லேல்ல. 

யூன் 22, சனி

எங்கயிருந்து தொடங்கி எழுத.

அப்பாவும் சபை ஆண்கள் மூன்று பேரும் ஒரு வான் பிடித்து மிஸ்ஸின் கொட்டிலுக்குப் போனார்கள். என்னையும் ஏற்றினார்கள். மிஸ் மேசை துடைத்துக்கொண்டு நின்றா. "வாங்கோ, மற்றப் பிள்ளையள் எங்க?" என்றா.

அப்பா இரும்புக் கம்பியால் சாமான் அடுக்கியிருந்த தட்டை இழுத்து விழுத்தினார். முகவைகள், சோதனைக் குழாய்கள், போத்தல்கள் எல்லாம் ஒன்றாக. போமலின் மருந்தின் மணத்தில் கண் எரிந்தது. மற்றவர்கள் மேசையைப் புரட்டினார்கள். ஒருவர் ஜெபம் சொல்லிச் சொல்லி உடைத்தார்.

"ஐயோ, தெரியாமச் செய்திட்டன். இனிக் கடையில வாங்குறன், விடுங்கோ!"

அப்பா நுணுக்குக்காட்டியை என் முன்னால் வைத்தார். சுத்தியலை நீட்டினார். "தொட்ட கையாலயே உடை."

விரல் மடங்காது. மடங்கினாலும் —

"மாட்டன்" என்றேன். அப்பாவிடம் நான் அப்படிச் சொன்னதே இல்லை. கம்பியை ஓங்கினார். மிஸ் குறுக்கே வந்து கையைப் போட்டா. எலும்பு முறிந்த சத்தம். இப்பவும் கேக்குது. உடைந்த கண்ணாடித் துண்டுகளுக்கு மேல் முகங்குப்புற விழுந்தா. கன்னம் கிழிந்து பல் தெரிந்தது. ஒருத்தரும் தூக்கேல்ல. நான் குனிய, அப்பா தலைமயிரில் பிடித்து இழுத்து வானுக்குள் எறிந்தார்.

யூன் 23, ஞாயிறு

பாஸ்டர் வீட்டுக்கு வந்து சொல்லித் தந்தார்: மிஸ் தட்டில் ஏறித் தட்டோடு விழுந்தவா. ஆர் கேட்டாலும் அதுதான் கதை.

"இவளை யோசிக்காதேங்கோ, பாஸ்டர். உயிர் போனாலும் வாய் திறக்காள்," என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன்.

யூன் 25, செவ்வாய்

பிரேமிளா வேலியடிக்கு வந்தாள். மிஸ் வவுனியா ஆஸ்பத்திரியில். பொலிஸ் கேட்டும் பெயர் சொல்லவில்லையாம்.

"ஏன்?"

"பேர் சொன்னா அந்தப் பிள்ளையை வீட்டில அடிச்சே கொன்றுபோடுவாங்கள் எண்டவாவாம். உன்னைத்தான்டி, லக்சி."

கொட்டிலைப் பிடுங்கப் போகிறாவாம். இனி வகுப்பு இல்லையாம்.

யூன் 26, புதன்

அப்பா வயலுக்குப் போன பிறகு செருப்பைப் போட்டேன். அம்மா குசினி வாசலில் நின்றா.

"கடைக்கோ?"

"ஓம்."

கையைத் துவாயால் சுற்றினேன். அம்மா வந்து துவாயை அவிழ்த்து எடுத்தா. "மூடாத. அப்பிடியே கொண்டு போ."

பஸ் எடுத்தேன். பொலிஸ் நிலையத்தில் தமிழ் கதைக்கிற ஒரு அக்கா கதிரையைக் காட்டினா. நான் இருக்கவில்லை.

"ஆருக்கு எதிரா முறைப்பாடு, தங்கச்சி?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவாவுக்குக் கேட்கவில்லை. சத்தமாகத் திரும்பச் சொன்னேன்.